அரசாணிக்காயில் (பரங்கிக்காயில்) ஓர் இனிப்பு

பியோரியா, இல்லினாய்
நவம்பர் 30

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ, அப்பா, அம்மிச்சி எல்லோரும் சுகம்தானே?

இங்கே அரசாணிக்காய் கிடைக்கிறதா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். பக்கத்திலேயே மார்ட்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அமெரிக்காவில் டின்னில் அடைத்து விற்கும் அரசாணி விழுதில் பெரும்பகுதி அந்த ஊர் லிப்பீஸ் ஆலையில்தான் தயாராகிறது. செப்டம்பரில் அரசாணிக்காகத் திருவிழாவே நடத்துகிறார்கள். ஆனால் பொரியல், குழம்பு என்ற பேச்சே இல்லை. நவம்பர் நான்காவது வியாழக்கிழமை தாங்க்ஸ்கிவிங் பண்டிகை. அன்று வீட்டுக்கு வீடு பம்ப்கின் பை செய்கிறார்கள், மாவுத் தகட்டுக்குள் அரசாணி விழுதை ஊற்றிச் சுடும் இனிப்பு அது. இந்த முறை நானும் செய்தேன்.

போன மாதம் ஒரு முறை செய்து பார்த்துத் தோற்றுவிட்டேன். ஹாலோவீன் பண்டிகைக்கு முகம் செதுக்க விற்கிற பெரிய ஆரஞ்சுக் காயை வாங்கிவந்து அரை நாள் வேகவைத்தேன். தண்ணீரும் நாருமாக வந்தது, ருசியே இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு, "அது செதுக்குகிற காய், இதற்குச் சின்னக் காய் வேண்டும், இல்லையென்றால் டின் வாங்கு" என்றார். டின்னுக்குள் போவது டிக்கின்சன் என்கிற ரகம். தோல் ஆரஞ்சு இல்லை, வெளிர் பழுப்பு. நம் தோட்டத்து அரசாணியும் அதே இனம்தானாம், அம்மா! அந்த டின்னைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். அமெரிக்கக் கண்டத்துக் காய் இது. பரங்கியர் என்ற ஐரோப்பியர் வழியாக வந்ததால்தான் மற்ற ஊர்களில் பரங்கிக்காய் என்கிறார்கள்.

சரி, செய்முறை சொல்கிறேன். மைதாவில் குளிர்ந்த வெண்ணெயைப் பிசறி, ஐஸ் தண்ணீர் தெளித்துச் சேர்த்து, சப்பாத்தி போலத் தேய்த்துத் தட்டில் பரப்ப வேண்டும். வெண்ணெய் கையில் உருகிவிடக் கூடாது. துண்டு துண்டாக இருந்தால்தான் அடுப்பில் உருகி மாவு இதழ் இதழாகப் பிரியும். அதற்குள் ஊற்றுவதற்கு 425 கிராம் விழுது, 2 முட்டை, முக்கால் கப் சர்க்கரை, சுண்டவைத்த, இனிப்புச் சேர்க்காத டின் பால் ஒன்று, பட்டை, சுக்கு, கிராம்பு, ஒரு சிட்டிகை உப்பு. ஓவனில் 220 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 175 டிகிரியில் முக்கால் மணி நேரம். ஓரம் இறுகி நடு மட்டும் லேசாக ஆடும்போதே எடுத்துவிட வேண்டும். விட்டால் முட்டை இறுகி மேலே வெடித்துவிடும். சூட்டோடு வெட்டவும் கூடாது, 2 மணி நேரம் ஆற வேண்டும்.

நம் ஊரில் சாம்பார் வீட்டுக்கு வீடு மாறுவது போலத்தான் இதுவும். பாட்டியின் அம்மா கரும்புப் பாகின் கறுப்புக் கசண்டான மொலாசஸ் இரண்டு கரண்டி விடுவாராம், பாட்டி இன்றும் விடுகிறார். வெர்மான்ட் மாநிலத்திலிருந்து வந்த மருமகள் சர்க்கரையே போடாமல் மேப்பிள் மரத்துப் பாகு ஊற்றுகிறாள். பாட்டியின் கணவர் வீட்டில் ஒரு சிட்டிகை மிளகுத்தூள். என்னோடு வேலை செய்கிற கறுப்பினப் பெண் வீட்டில் அரசாணியே கிடையாது, சர்க்கரைவள்ளிக்கிழங்கில்தான் பை. அவர்களில் பல குடும்பங்களில் அதுதான் பண்டிகை இனிப்பு. ஒரு துண்டு தந்தாள். இந்த விஷயத்தில் நான் அவள் கட்சி.

எனக்குப் பாட்டியின் மொலாசஸ் வாசம் நம் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையை நினைவூட்டியது. நீ அனுப்பியதில் முக்கால் கப் அளந்து போட்டேன், கிராம்புக்குப் பதில் ஏலக்காய். நிறம் கொஞ்சம் கறுத்தது, ருசி நன்றாக வந்தது. பாட்டி இரண்டாம் துண்டு கேட்டு வாங்கினார். அடுத்த வருஷம் தன் பம்ப்கின் பையிலும் அந்தச் சர்க்கரையைப் போட்டுப் பார்க்க ஒரு பொட்டலம் வேண்டுமாம்.

உன்னிடம் ஓவன் இல்லையே என்று விட்டுவிடாதே. மாவு வேண்டாம். ஒரு கப் வெந்த விழுது, அரை கப் கெட்டித் தேங்காய்ப்பால், அரை கப் நாட்டுச் சர்க்கரை, 2 முட்டை, ஏலக்காய், சுக்கு எல்லாம் அடித்துக் கிண்ணத்தில் ஊற்றி, மூடி, இட்லிப் பானையில் அரை மணி நேரம் வேகவை. அம்மிச்சிக்கு முட்டை ஆகாது. அவருக்கு மட்டும் இரண்டு கரண்டி சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) கரைத்து அடுப்பிலேயே கிண்டிக் கொடு.

அடுத்த பார்சலில் அம்மிச்சி இடித்த சுக்குத்தூளும் பாட்டிக்கு ஒரு கிலோ நாட்டுச் சர்க்கரையும் வை. செய்து பார்த்ததும் அம்மிச்சி என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
உன் மகள்