ஸ்ரீவைகுண்டத்தில் தண்ணீர் எத்தனை அடி உயரும்? தாமிரபரணிக் கடைமடையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் நீர்வளத் துறை, மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம், சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு, வணக்கம்.

2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை பதிவானது. காயல்பட்டினத்தில் பெய்தது, தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியை ஒரே நாளில் விஞ்சிய மழை. அந்த மழையை யார் முன்கூட்டிச் சொன்னார்கள், யார் சொல்லவில்லை என்று அப்போது மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையே நடந்த வாக்குவாதத்தை மீண்டும் கிளறுவது இம்மடலின் நோக்கமன்று. மழையைப் பற்றிய எச்சரிக்கை வெள்ளத்தைப் பற்றிய எச்சரிக்கையாக மாறுவதற்குத் தேவையான கருவிகளும் கணக்கீடுகளும் இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன; அவற்றைத் தாமிரபரணிக்கும் கொண்டுவந்து, எந்த ஊரில், எந்த நேரத்தில், எத்தனை அடி தண்ணீர் வரும் என்று மக்களுக்குச் சொல்லுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

இப்போதைய எச்சரிக்கையின் மொழியில் ஒரு பெரிய போதாமை உள்ளது. ஒரு நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யும் எதுவும் ‘அதி கனமழை’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. 21 செ.மீ. மழைக்கும் 95 செ.மீ. மழைக்கும் பெயரும் ஒன்று, சிவப்பு நிறமும் ஒன்று. 21 செ.மீ. மழையில் எங்கள் ஊர்க் குளங்கள் மறுகால் (உபரிநீர் வழிந்தோடும் வழி) பாயும், வயல்கள் மூழ்கும், இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும். 95 செ.மீ. மழையில் குளங்களின் கரைகளே நிற்கவில்லை. டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்ட முடியாமல் நின்றது. செய்துங்கநல்லூருக்குப் போகும் பாதையில் ஜல்லியும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டுத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணூறு பேர் அளவிலான பயணிகள் நிலையத்திலும் அருகிலிருந்த பள்ளியிலும் மாட்டிக்கொண்டார்கள். அந்த ரயிலைப் புறப்பட விடலாமா என்று முடிவெடுக்க வேண்டியவருக்குச் சிவப்பு நிறம் மட்டும் போதுமானதாக இருந்திருக்காது.

முதலில் ரேடாரைப் பற்றி. எங்கள் பகுதியின் மழையைப் பார்க்கக்கூடிய டாப்ளர் ரேடார்களில் அருகிலிருப்பது திருவனந்தபுரத்தின் தும்பாவில் உள்ளது. காயல்பட்டினத்திலிருந்து ஏறத்தாழ 140 கி.மீ. ஆனால் இரண்டுக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. கிடைமட்டத்திலிருந்து அரை பாகை உயர்த்தி அனுப்பப்படும் கதிர், 40 கி.மீ. தொலைவில் தரையிலிருந்து அரை கி.மீ. உயரத்தில்தான் செல்லும், அங்கே அகத்தியமலை ஒன்றேமுக்கால் கி.மீ.க்கும் மேல் உயர்ந்து அதை மறிக்கிறது. காரைக்கால் ரேடாரோ 300 கி.மீ.க்கு அப்பால் இருக்கிறது. பூமியின் வளைவால் அதன் கதிர் எங்கள் ஊரை எட்டும்போது எட்டு கி.மீ.க்கும் மேலான உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். அதற்குக் கீழே, மேகத்தின் அடிப்பகுதியில், எவ்வளவு தண்ணீர் கொட்டுகிறது என்பது அதன் கண்ணில் படாது. ஆகவே ராமநாதபுரத்திலும் ஏற்காட்டிலும் ரேடார்கள் அமைக்கப்படும் என்ற மாநில அரசின் அறிவிப்பை நாங்கள் மனதார வரவேற்கிறோம். ராமநாதபுரத்திலிருந்து காயல்பட்டினம் 120 கி.மீ. அளவே, இடையில் மலையும் இல்லை.

ஆயினும் ரேடார் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. ரேடார் மழையை நேரடியாக அளப்பதில்லை. துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் வலிமையைத்தான் அளக்கிறது. அந்த வலிமை துளியின் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்து மாறுகிறது. அதாவது, இரண்டு மில்லிமீட்டர் துளி ஒன்று, ஒரு மில்லிமீட்டர் துளிகள் அறுபத்து நான்கு சேர்ந்து திருப்பும் அளவுக்கு அலையைத் திருப்பிவிடும். தண்ணீரின் அளவிலோ அது எட்டுத் துளிகளுக்குத்தான் சமம். கடல் காற்று கொண்டுவரும் மழையில் சிறு துளிகள் மிக அதிகம். பொதுவான ஒரு சூத்திரத்தை வைத்து அலையை மழையாக மாற்றினால், இத்தகைய மழையை ரேடார் உண்மையை விடக் குறைத்துக் காட்ட வாய்ப்புண்டு. இதைத் திருத்தக்கூடியவை தரையிலுள்ள மழைமானிகள்தாம். மாநிலம் முழுவதும் 1,400 தானியங்கி மழைமானிகளை அரசு நிறுவியிருப்பது இந்த வகையில் பெரிய வசதி. ரேடார் காட்டும் பரப்பையும் மழைமானி காட்டும் அளவையும் கால் மணிக்கொரு முறை இணைத்து, அந்த மழை வரைபடத்தைப் படமாக மட்டுமன்றி எண்களாகவும் பொதுவில் வெளியிடுங்கள். கல்லூரிகளும் ஆர்வலர்களும் அதைச் சோதித்துப் பார்க்கட்டும். அதனால் துறைக்கு நன்மையே விளையும்.

மழை தெரிந்த பிறகும் வெள்ளத்தைக் கணக்கிட வேண்டும். எங்கள் ஆற்றில் இதுதான் கடினமான பகுதி. 1992 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தாமிரபரணிக் கரையில் வெள்ளம் என்றாலே பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். எச்சரிக்கையும் அணையிலிருந்து திறந்துவிடும் கன அடியை ஒட்டியே வருகிறது. 2023-இல் மழையின் உச்சம் அணைகளுக்குக் கீழே, சமவெளியிலும் கடற்கரையிலும் விழுந்தது. அந்தத் தண்ணீருக்கு மதகு கிடையாது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகால், தென்கால் என்ற இரு வாய்க்கால்களும் குளம் குளமாக இறங்கிச் செல்பவை. மேல் குளத்தின் மறுகால் கீழ்க் குளத்தை நிரப்பும். ஒரு கரை உடைந்தால் அதன் முழுக் கொள்ளளவும் ஒரே நேரத்தில் அடுத்த குளத்தின் மேல் இறங்கும். வடகாலின் கடைசியிலுள்ள கோரம்பள்ளம் குளம் உடைந்தபோது அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது தூத்துக்குடி நகரத்துக்கு. ஆற்றை மட்டும் கணக்கில் எடுக்கும் கணினி மாதிரி இதை ஒருபோதும் காட்டாது. ஒவ்வொரு குளத்தின் கொள்ளளவு, கரையின் உயரம், மறுகாலின் அகலம், மழை தொடங்கும் நாளில் இருக்கும் நீர்மட்டம் ஆகியவை மாதிரிக்குள் இருக்க வேண்டும். இதில் பெரும்பகுதி உங்கள் துறையின் பதிவேடுகளிலேயே இருக்கிறது. மிச்சத்தை ஒவ்வொரு குளத்துப் பாசனக்காரர்களும் சொல்வார்கள். எந்தக் கரை எந்த இடத்தில் கசியும் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

முன்னறிவிப்பு தவறிப்போனால் மக்கள் நம்பிக்கை இழப்பார்கள் என்ற தயக்கம் அதிகாரிகளுக்கு இருப்பது புரிகிறது. அதனால்தான் ஒற்றை எண்ணுக்குப் பதிலாக வாய்ப்பளவைக் கேட்கிறோம். வானிலை மாதிரியைச் சற்றே மாறுபட்ட தொடக்க நிலைகளுடன் பலமுறை ஓட்டி, கிடைக்கும் ஒவ்வொரு மழையையும் வெள்ள மாதிரிக்குள் செலுத்தினால், ‘ஏரல் பாலத்துக்கு மேல் தண்ணீர் போக நூற்றுக்கு முப்பது வாய்ப்பு’ என்று சொல்ல முடியும். அது முப்பதாக இருக்கும்போதே மருத்துவமனை நோயாளிகளை மாற்றும். விவசாயி ஆடுமாடுகளை மேட்டுக்கு ஓட்டிப் போவார். கடைக்காரர் சரக்கை மாடிக்கு ஏற்றுவார். எல்லோரும் ஒரே அளவு உறுதிக்காகக் காத்திருப்பதில்லை.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்து, அந்த வெள்ளம் சாத்தனூர் அணைக்கு வந்தது. பின்னிரவில் தென்பெண்ணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட நேர்ந்தது. மேலே மழை விழுந்ததற்கும் மதகு திறந்ததற்கும் இடையிலிருந்த மணி நேரங்களே ஒரு வெள்ள மாதிரி வேலை செய்ய வேண்டிய நேரம். சென்னைப் படுகைக்கு உலக வங்கியின் உதவியுடன் நிகழ்நேர வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு உருவாக்கப்பட்டிருக்கிறது. அந்த அனுபவம் துறையிடம் இருக்கும்போது தென்பெண்ணையும் தாமிரபரணியும் வரிசையில் பின்னால் நிற்க வேண்டியதில்லை.

உடனடியாகச் செய்யக்கூடிய ஒன்றைக் கேட்டு முடிக்கிறோம். 2023 டிசம்பர் 15, 16, 17 தேதிகளில் வானிலை மையத்திடம் இருந்த மாதிரி முடிவுகளையும், அந்நாட்களின் ரேடார், மழைமானிப் பதிவுகளையும், அணை மற்றும் குளங்களின் நீர்மட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்து, ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர், புன்னைக்காயல், தூத்துக்குடி ஆகிய இடங்களில் மணிக்கு மணி தண்ணீர் எவ்வளவு உயர்ந்திருக்கும் என்று மாதிரியில் ஓட்டிப் பாருங்கள். வீட்டுச் சுவர்களில் படிந்த வெள்ளக் கறையின் உயரத்தை அளந்து கொடுக்க ஊருக்கு ஊர் ஆட்கள் இருக்கிறார்கள். மாதிரி சொல்வதையும் சுவர் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே எவ்வளவு பிசகுகிறது என்பதையும் மறைக்காமல், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக அறிக்கையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கடைமடைப் பாசனக்காரர்கள் சார்பாக,
ஏரல் வட்டத்தைச் சேர்ந்த ஒருவர்