இரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்புங்கள்: சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பகுதிச் சுகாதார அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன கிழமை மட்டக்களப்புப் படுவான்கரையில் நீங்கள் நடத்திய விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். டெங்கு பற்றிச் சொன்னீர்கள், எலிக்காய்ச்சல் பற்றிச் சொன்னீர்கள், கை கழுவும் முறையையும் செய்து காட்டினீர்கள். நன்றி. மண்ணில் வாழும் பக்டீரியாவால் வரும் மெலியோய்டோசிஸ் என்ற வருத்தத்தின் பேச்சையே காணவில்லை. எழுந்து கேட்டேன். "அது அபூர்வமான வருத்தம் ஐயா" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புத்தான் என்னை எழுத வைத்தது.

என் அத்தான் சீனி வருத்தக்காரர் (நீரிழிவு), வயற்காரர். போன மாரியில் விதைப்பு முடிந்த கையோடு காய்ச்சல் தொடங்கியது. பிறகு இருமல், ஆள் மெலிந்துபோனார். கசம் (காசநோய்) என்று சொல்லி அதற்கு மருந்து கொடுத்தார்கள். அக்கா தட்டையும் கோப்பையையும் பிரித்து வைத்தார். பாய் திண்ணைக்குப் போனது. பேத்தி ஓடிவந்தால் அத்தானே கையை நீட்டித் தடுப்பார். அவள் அழுவாள், இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அயலவர்கள் படலையடியிலேயே நின்று சுகம் விசாரித்துவிட்டுப் போனார்கள். மாதக்கணக்கில் இப்படி. காய்ச்சல் மட்டும் விடவில்லை. கடைசியில் வேறொரு ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் இரத்தத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினார். வந்தது மெலியோய்டோசிஸ், ஈரலில் சீழ்க்கட்டியும் இருந்தது. ஆளுக்கு ஆள் தொற்றுவது மிக மிக அரிதான ஒரு வருத்தத்துக்காக அந்த மனுசன் திண்ணையில் கிடந்தார்.

உங்களுக்குத் தெரியாததா? இந்தப் பக்டீரியாவின் வீடு எங்கள் மண்தான். கோடையில் அடிமண்ணில் கிடக்கும். மழை பெய்து நிலத்தடி நீர் உயர்ந்தால் மேலே வரும். காலில் ஒரு கீறல் போதும். புயல்மழையில் மூச்சோடும், கொதிக்க வைக்காத தண்ணீரோடும் போகலாம். உடம்புக்குள் போனால் நம் உயிரணுக்களுக்குள்ளேயே குடியிருக்கும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடந்துவிட்டுக் கிளம்பும். சீனி வருத்தக்காரருக்குத்தான் ஆபத்து மிக அதிகம். ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசாமியும் 1912இல் விவரித்த நோய் இது. இலங்கையில் 1927இலேயே பதிவாகிவிட்டது. இவ்வளவு காலமாகியும் எங்கள் கிராமத்து ஓபீடிக்கு வந்துசேர அதற்கு பஸ் கிடைக்கவில்லை போலும்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: மாரி காலத்தில் சீனி வருத்தமுள்ள வயற்காரர் காய்ச்சலோடு வந்தால், நுண்ணுயிர்கொல்லி தொடங்குமுன் அவருடைய இரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்புங்கள். பென்சிலினும் ஜென்டாமைசினும் இதற்கு வேலை செய்யாது. செப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், அதன்பின் கோட்ரைமொக்சசோல் மாத்திரை 3 மாதமாவது வேண்டும். வருத்தத்தின் பெயர் தெரியாமல் இதை யார் எழுதிக் கொடுப்பது?

கம்பூட்ஸ் போடச் சொல்லித் துண்டுப்பிரசுரம் தந்தீர்கள். முழங்கால் சேற்றில் அதைப் போட்டுக்கொண்டு ஒருநாள் களை பிடுங்கிப் பாருங்கள். கால் வரும், பூட்ஸ் வராது. பயிர் மஞ்சளடித்த பிறகு உரமும், நெல்லை வியாபாரி ஏற்றிப் போன பிறகு உத்தரவாத விலையும் வருகிற ஊரில் பூட்ஸ் மட்டும்... சரி, அது உங்கள் இலாகா இல்லை. மன்னிக்கவும்.

சீனி கிளினிக்கில் வரிசையில் இருப்பவர்களிடம், காலில் புண்ணோடு சேற்றில் இறங்க வேண்டாம், காய்ச்சல் வந்தால் வயல் வேலை செய்வதையும் டொக்டரிடம் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குப் பந்தலும் வேண்டாம், மாலையும் வேண்டாம்.

பெரும்போக விதைப்புக்கு முன், காய்ச்சலோடு வரும் சீனி வருத்தக்கார வயற்காரரின் இரத்தம் கல்ச்சருக்குப் போக வேண்டும் என்று எல்லாக் கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கும் எழுத்தில் அறிவிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கல்ச்சர் போத்தல் கையிருப்பில் இல்லையென்றால், தயவுசெய்து அதையும் எழுத்திலேயே தாருங்கள்.

இப்படிக்கு,
படுவான்கரை வயற்காரன் ஒருவன்