ரோபோ தானாக வெட்டுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுநீரகக் கட்டிக்கான ரோபோ அறுவை சிகிச்சை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரோபோவே கட்டியைக் கண்டுபிடித்து வெட்டிவிடும் என்ற தொனி சரியில்லை. டாவின்சி என்ற அறுவை சிகிச்சை ரோபோவின் கைகளை அசைப்பது சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கும் மருத்துவரின் விரல்கள்தான்.

போன வருடம் என் அண்ணனுக்கு 3 செ.மீ. கட்டியை மட்டும் எடுத்து, சிறுநீரகத்தைக் காப்பாற்றினார்கள். மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டே விளக்கினார். சி.டி. ஸ்கேனிலிருந்து முப்பரிமாணப் படம் தயாரித்துத் திரையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சுற்றியுள்ள கொழுப்பை விலக்கியதும் சிறுநீரகம் கொஞ்சம் நகர்ந்துவிடும், மூச்சுக்கு மூச்சு அசையவும் செய்யும். படம் அப்படியே பொருந்தாது. அதனால் சின்ன அல்ட்ராசவுண்ட் கருவியைச் சிறுநீரகத்தின் மேலேயே வைத்துக் கட்டியின் விளிம்பைக் குறித்துக்கொள்கிறார்கள். அப்புறம் ரத்தக்குழாயைக் கிளிப்பால் அடைத்து, 25 நிமிடத்துக்குள் வெட்டித் தைத்துவிடப் பார்க்கிறார்கள். இண்டோசயனின் கிரீன் சாயத்தை ஊசியில் செலுத்தினால், சிறப்புக் கேமராவில் ரத்தம் ஓடும் பகுதி பச்சையாக ஒளிரும். அடைபட்ட பகுதி இருட்டாகத் தெரியும்.

செலவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. எங்கள் வீட்டில் முதலில் எழுந்த கேள்வியே அதுதான். சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022 முதல் ரோபோ அறுவை சிகிச்சை வசதி இருப்பதையாவது சொல்லியிருக்கலாம்.

வாசகர்,
தாம்பரம்