தெரிந்தே வைத்த பிசகு

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீ எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் பாலி போய், பத்திரமாகக் கும்பகோணம் வந்து சேர்ந்துவிட்டோம். கடல், எரிமலை, அம்மாவின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிய குரங்கு எல்லாம் அவளே போனில் சொல்லியிருப்பாள். கெச்சாக்கும் பார்த்தோம். ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து 'சக் சக்' என்று கத்த, நடுவே சீதையும் ராவணனும். ஆதிகாலத்து ஆட்டம் என்று நினைத்தேன். 1930களில்தான், சாமியாடும் சடங்கில் பாடுகிற கூட்டத்தை எடுத்து ராமாயணத்தோடு சேர்த்தார்களாம். வால்டர் ஸ்பீஸ் என்ற ஜெர்மன் ஓவியருக்கும் அதில் பங்குண்டு.

சரி, நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம். வண்டி ஓட்டிய பையனிடம் ஹார்மோனியம் ரிப்பேர்க்காரன் என்று வாய்விட்டேன். குளுங்குங் பக்கம் திஹிங்கான் என்ற ஊருக்குக் கூட்டிப்போய் விட்டான். கமெலான் என்ற பாலி வெண்கல வாத்தியச் செட்டு செய்யும் கொல்லர்களின் ஊர். அம்மா வண்டியிலேயே தூங்கிவிட்டாள்.

வெண்கலப் பட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு மூங்கில் குழாய். சுருதி ஏற வேண்டுமானால் பட்டையின் முனையைச் சீவுகிறார்கள், இறங்க நடுவயிற்றை அடிப்பக்கமாகச் சுரண்டுகிறார்கள். நம் ஹார்மோனியத்துக்குள் இருக்கும் பித்தளை நாக்கு, அந்த ரீடிலும் அதே கதைதானே! நுனியைச் சுரண்டினால் ஏறும், வேர்ப்பக்கம் சுரண்டினால் இறங்கும். பாஷை தெரியாமலே நானும் ஒரு கொல்லரும் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அவர் ஒரே மாதிரி இருந்த இரண்டு வாத்தியங்களில் ஒரே ஸ்வரத்தைச் சேர்த்துத் தட்டினார். எனக்குக் காது கூசியது. ஒன்று கொஞ்சம் இறக்கம், ஒன்று கொஞ்சம் ஏற்றம். சேர்ந்த சத்தம் நொடிக்கு 6, 7 தடவை ஏறி இறங்கி அலை அடித்தது. கை தானாக அரத்தைத் தேடியது. அவர் சிரித்துவிட்டார். அது பிசகே இல்லையாம், அப்படித்தான் சுருதி சேர்ப்பார்களாம். இறங்கியது பெங்கும்பாங், ஏறியது பெங்கிசெப். சேர்ந்து எழும் அந்த அதிர்வுக்கு ஓம்பாக், அதாவது அலை என்றே பெயர். அது இல்லாவிட்டால் சத்தம் செத்துப்போகும் என்று பையன் மொழிபெயர்த்தான். பிறகு ஒன்றை மட்டும் தட்டிக் காட்டினார். தட்டை அலம்பி வைத்த மாதிரி இருந்தது.

வாசிப்பதும் அப்படித்தான். ஒருவர் விட்ட இடைவெளியில் இன்னொருவர் தட்டுகிறார். தனியாகக் கேட்டால் இருவர் வாசிப்பும் அரைகுறை. சேர்ந்தால், ஒரு மனிதக் கையால் முடியாத வேகத்தில் ஒரே பாட்டு ஓடுகிறது. அந்த அலையளவை ஒவ்வொரு செட்டுக்கும் அவர்களே வைத்துக்கொள்வதால், ஒரு செட்டிலிருந்து ஒன்றை எடுத்து இன்னொன்றில் சேர்க்க முடியாது. கடனுக்கு வாங்கவும் வழியில்லை.

1915 வாக்கில் வடக்கு பாலியில் கெப்யார் என்ற அதிரடிப் பாணி வந்ததும், பழைய செட்டுகளையே பல ஊர்களில் உருக்கிப் புதிதாக வார்த்திருக்கிறார்கள். எனக்கு அது வயிற்றெரிச்சல்தான். நீயாக இருந்தால் உருக்கியிருப்பாய்.

நீ எட்டாவது படிக்கும்போது, பட்டறையில் ஒரு ஸ்வரத்துக்கு இரண்டு ரீடு உள்ள டபுள் ரீடு ஹார்மோனியப் பெட்டியின் சுருதியைப் பிசகாக வைத்துவிட்டு, "இப்படித்தான்பா நல்லா இருக்கு" என்றாய். நான் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தேன். நினைவிருக்கிறதா?

அந்தப் பெட்டி இன்னும் பரணில்தான் இருக்கிறது. நேற்று இறக்கித் துருத்திக்கு ஒட்டுப் போட்டேன். மத்யமத்தில் இரண்டு ரீடும் லேசாக அலை அடிக்கின்றன. அரத்தைக் கையில் எடுத்தவன், கீழே வைத்துவிட்டேன். பொங்கலுக்கு வரும்போது நீயே கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்.

அப்பா