பாயிண்டருக்கு எட்டு பைட்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். எனக்கு இடது கண்ணில் புரை, அடுத்த மாதம் ஆபரேஷன். அதற்குள் உன் கேள்விக்குப் பதில் எழுதிவிடுகிறேன்.

உன் பழைய சி புரோகிராமை 64 பிட் மெஷினில் கம்பைல் செய்ததும் மெமரி இரண்டு மடங்கு தின்கிறது, எங்கோ லீக், வாங்கிய மெமரியைத் திருப்பித் தராமல் ஒழுகுகிறது என்கிறாய். லீக் இல்லையடா. உன் லிங்க்டு லிஸ்டைப் பார், ஒவ்வொரு நோடும் அடுத்ததைக் காட்டும் சங்கிலி. ஒரு நோடில் ஒரு இன்ட், அதாவது முழு எண்; ஒரு பாயிண்டர், அதாவது அடுத்த நோடின் மெமரி முகவரி. 32 பிட்டில் நாலும் நாலும் எட்டு பைட். இப்போது இன்ட் அதே 4, பாயிண்டர் மட்டும் 8. கூட்டினால் 12 தானே என்பாய். ஆனால் அந்தப் பாயிண்டரை எட்டால் வகுபடும் இடத்தில்தான் கம்பைலர் வைக்கும். அதனால் நடுவில் 4 பைட் சும்மா கிடக்கும். மொத்தம் 16. காலி அறைக்கும் சேர்த்து வாடகை.

ரேமாவது காசு கொடுத்தால் கிடைக்கும், சிப்புக்குள் இருக்கும் சின்ன, வேகமான மெமரியான கேஷ் கிடைக்காது. உன் சிப்பில் ஒரு கேஷ் லைன், அதாவது கேஷ் ஒரே தடவையில் இழுக்கும் துண்டு, 64 பைட். அடுத்தடுத்து இருந்தால் முன்பு அதில் 8 நோடு அடங்கும், இப்போது 4. பிறகு 64 பிட் வேகம் என்கிறார்களே? அது பாயிண்டர் அகலத்தால் வந்ததல்ல. 2003-இல் ஏஎம்டி ஆப்டெரான் என்ற 64 பிட் சிப்பைக் கொண்டுவந்தபோது, கணக்குப் போடும்போது எண்களை வைக்கும் பொது ரிஜிஸ்டர்களை 8-லிருந்து 16 ஆக்கியது, பெரிய எண்களையும் ஒரே அடியில் பெருக்க முடிந்தது. கணக்குப் போடும் புரோகிராமுக்குக் கொண்டாட்டம். பாயிண்டரைப் பிடித்துக்கொண்டு அலையும் உன்னுடையது போன்றவற்றுக்குத்தான் திண்டாட்டம்.

என் அவமானம் ஒன்றையும் கேள். இதேபோல் ஒரு புரோகிராமை 64 பிட்டுக்கு மாற்றினேன். சின்ன ஃபைல் என்றால் ஓடும், பெரிய ஃபைல் என்றால் செத்து விழும். மூன்று நாள் டேட்டாவைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், மெமரி கேட்டு வாங்கும் மாலாக் பங்ஷனை அறிவிக்கும் ஹெட்டர் ஃபைலைச் சேர்க்கவே இல்லை. மாலாக் இன்ட் தரும் என்று கம்பைலர் தானாகவே நினைத்துக்கொண்டு, 8 பைட் முகவரியில் கீழ்ப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டது. சின்னத் துண்டுகளுக்கு அந்த லினக்ஸ் தாழ்வான முகவரிகளைத் தந்தது. மேல் பாதி வெறும் பூஜ்யம், தொலைந்தாலும் தெரியாது. ஒரு துண்டு 128 கிலோபைட்டைத் தாண்டினால் எங்கோ உச்சியில் இடம் தரும், அங்கே பாதி முகவரியோடு போனால் யார் வீட்டுக் கதவையோ தட்டுவோம். வார்னிங் முதல் நாளிலிருந்தே திரையில்தான் இருந்தது, நான்தான் மதிக்கவில்லை. 2024-இல் வந்த ஜிசிசி 14 கம்பைலர் அதை எரராகவே ஆக்கிவிட்டது. எனக்குத்தான் காலம் கடந்து வந்தது.

நீ செய்ய வேண்டியது இதுதான். நோடுகளை எல்லாம் ஒரே அர்ரேயில் போடு. அடுத்த நோடுக்குப் பாயிண்டர் வேண்டாம், அர்ரேயில் அதன் வரிசை எண்ணான 32 பிட் இன்டெக்ஸ் போதும். நோடு பழையபடி 8 பைட், 429 கோடி நோடு வரை தாங்கும். ஜாவாவும் இதே தந்திரம்தான் செய்கிறது: முகவரியை எட்டால் வகுத்து 32 பிட்டில் அடக்கிவிடும். அதனால்தான் ஹீப்பை, அதாவது ஜாவா தன் டேட்டாவை வைக்கும் மெமரியை, 32 ஜிபிக்கு மேல் ஏற்றினால் பாயிண்டர்கள் திடீரென்று வீங்கும். உன் மருமகளைக் கேள், அவள் பட்டிருப்பாள்.

விண்டோஸுக்கும் கொண்டுபோவதானால் லாங் என்ற முழு எண் வகையை நம்பாதே. அங்கே அது 64 பிட்டிலும் 4 பைட்தான், லினக்ஸில் 8. நீ லாங்கை அப்படியே ஃபைலில் எழுதுகிற ஆள் என்று எனக்குத் தெரியும்.

மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு எழுது. கண் கட்டுப் பிரித்ததும் படிக்கிறேன்.

உன்,
பழைய ஹாஸ்டல் ரூம்மேட்