பன்னிரண்டு வோல்ட்டுக்குள் பதினேழு

அன்பு மகளுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது. ஊர் முழுக்க இரவு பகலாக ஃபேன் ஓடுகிறது, அதனால் பழுதாகி வந்த ஃபேன்களால் என் மேசையிலும் இடமில்லை.

அன்றைக்கு ராத்திரி போனில் நீ அழாத குறையாகக் கேட்டாய். ஆடலோட்டக் (ஏசி) கணக்கில் தடையின் அழுத்தத்தையும் (வோல்ட்டேஜ்) மின்னைத் தேக்கும் கொண்டன்சரின் அழுத்தத்தையும் கூட்டினால் கொடுத்த அழுத்தம் வரவில்லை, புத்தகம் பிழையா நான் பிழையா என்று. எனக்கு வாயால் சொல்ல வரவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

நானும் அதே இடத்தில் சறுக்கினவன்தான். வேலை பழகின காலத்தில் உப்புவெளியில் ஒரு வீட்டுக்கு ஃபேன் பார்க்கப் போனேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே கொண்டன்சரின் இரண்டு காலிலும் மீற்றரை வைத்தேன். (நீ ஒருநாளும் அப்படிச் செய்யாதே.) லைனில் 230 வோல்ட், கொண்டன்சரில் அதைவிடக் கூட! கொடுத்ததைவிட எப்படிக் கூட வரும்? மீற்றர்தான் பழுது என்று கடைக்குக் கொண்டுபோய்க் கழற்றினேன். அதில் ஒரு பிழையும் இருக்கவில்லை. நான் கழற்றிப் பூட்டின பிறகுதான் பழுதானது. முதலாளியிடம் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது.

நேரோட்டத்தில் (டிசி) அழுத்தத்துக்கு அளவு மட்டும் போதும். ஆடலோட்டத்தில் அந்த அளவு எப்போது வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நம் முற்றத்து வேம்பில் கட்டியிருந்த ஊஞ்சலை நினைத்துப் பார். நடுவால் போகும்போதுதான் வேகம் கூட. நுனிக்குப் போனதும் ஒரு கணம் நின்றுவிடும். கொண்டன்சரில் மின்னோட்டம் அந்த வேகம் போல, அழுத்தம் ஊஞ்சல் விலகிப்போன தூரம் போல. ஓட்டம் முந்தி உச்சிக்கு வரும், அழுத்தம் கால் சுற்றுப் பிந்தி வரும். நம் 50 ஹேர்ட்ஸ் லைனில் அந்தப் பிந்தல் 5 மில்லிசெக்கன். கம்பிச் சுருளில் இது தலைகீழ், அழுத்தம்தான் முந்தும்.

ஃபேனுக்குள் கொண்டன்சரும் ஒரு சுருளும் தொடராக இருக்கின்றன. இரண்டிலும் போவது ஒரே ஓட்டம். ஒன்றின் அழுத்தம் ஏறும்போது மற்றதன் அழுத்தம் பெரும்பாலும் இறங்குகிறது. ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு மிஞ்சுவதுதான் 230. சாதாரண 2.5 மைக்ரோபரட் ஃபேன் கொண்டன்சரின் மேல் 440 வோல்ட் என்று ஏன் அடித்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

இந்த முந்தல் பிந்தலைக் கணக்கில் பிடித்து வைக்கத்தான் சிக்கலெண், j சேர்த்து எழுதும் எண். 1893இல் சிக்காகோ மாநாட்டில் ஸ்ரைன்மெட்ஸ் என்ற மின் பொறியியலாளர் இந்த வழியைச் சொன்னார். இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்சுற்றுக்கும் வகையீட்டுச் சமன்பாடு போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். நீ j என்று எழுதும்போது 'கால் சுற்று முந்தி' என்று வாய்க்குள் சொல்லிப் பார். எனக்கு அப்படித்தான் பிடிபட்டது.

சரி, கையால் செய்து பார். 12 வோல்ட் ட்ரான்ஸ்போமர் ஒன்று அனுப்புகிறேன். 1000 ஓம் தடையையும் 3.3 மைக்ரோபரட் கொண்டன்சரையும் தொடராகப் பூட்டு. பிளஸ் மைனஸ் போட்ட கொண்டன்சர் வேண்டாம், ஆடலோட்டத்தில் அது சூடாகி வெடிக்கும். அந்தக் கொண்டன்சர் 50 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ 965 ஓம். தடையில் 8.6 வோல்ட்டும் கொண்டன்சரில் 8.3 வோல்ட்டும் கிட்ட வரும். சும்மா கூட்டினால் 17, ட்ரான்ஸ்போமரில் இருப்பதோ 12. இரண்டையும் செங்கோணத்தில் வைத்துப் பைதகரஸ் போடு, 12 வந்து நிற்கும். ட்ரான்ஸ்போமர் சுமை இல்லாமல் ஒன்றிரண்டு வோல்ட் கூடக் காட்டலாம். முதலில் அதை அளந்துகொள், மற்ற இரண்டும் அதே விகிதத்தில் கூடும்.

பார்சலில் அம்மாவின் பாரைக் கருவாடும் வருகிறது. மீற்றருக்குப் பக்கத்தில் வைக்காதே என்றேன், கேட்கவில்லை. மணத்தால் மீற்றர் பிழையாகக் காட்டாது, பயப்படாதே.

அப்பா