வேலைக்குப் போகும் பிள்ளையின் சாமானும் திரும்பிப் போகும் லாரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆனி மாதம் வந்தால் எங்கள் சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் எந்தப் பிள்ளைக்கு எந்த ஊரில் வேலை கிடைத்தது, எப்போது போய்ச் சேர வேண்டும் என்பதுதான் வீட்டுக்கு வீடு பேச்சாக இருக்கிறது. சம்பளம் எவ்வளவு என்று தவறாமல் விசாரிக்கும் உறவினர்கள், கட்டில், பீரோ, கிரைண்டர், பைக் இவற்றோடு அந்தப் பிள்ளை ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிக் குடிபோக எவ்வளவு ஆகும் என்று கேட்பதில்லை. முதல் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும் அந்தச் செலவைப் பற்றி, சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் 27 ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், அத்தனை ஆண்டு அனுபவம் இருந்தும் சொந்த வீட்டு விஷயத்தில் கோட்டை விட்டவன் என்ற முறையிலும் சிலவற்றைத் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

கோவை பீளமேட்டில் குடியிருந்த என் மகனுக்கு, கல்யாணமாகி எட்டாவது மாதத்தில், புனேயை அடுத்த சாக்கனில் ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஜூன் 15-ஆம் தேதி சேர வேண்டும் என்று உத்தரவு. என்னைக் கேட்காமலேயே அவன் கைப்பேசியில் ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனத்தைப் பிடித்து, ரூ.38,000 பேசி, ரூ.9,000 முன்பணமும் கட்டிவிட்டான். சேர வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஜூலை 20-ஆம் தேதி வந்தால் போதும் என்று தொழிற்சாலையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. தேதியை மாற்றித் தாருங்கள் என்று நிறுவனத்தாரைக் கேட்டதற்கு, அது புதுப் பதிவாகத்தான் கணக்காகும், முன்பணம் திரும்பாது, வேண்டுமானால் சாமானை இப்போதே கட்டி எடுத்துப் போய் எங்கள் குடோனில் வைத்துக்கொள்கிறோம், நாள் வாடகை தனி என்று பதில் வந்தது. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் அவர்கள் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள் என்பதால் சண்டை போடவும் வழியில்லை.

ஜூலை 20 என்றால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் புது வீட்டில் பால் காய்ச்சுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அதிலும் மருமகளுக்கு அது தலை ஆடி என்பதால் அவள் தாய் வீட்டுக்குப் போக வேண்டியவள். ஆகவே சாமான் ஆவணியில்தான் போகும் என்று என் மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் ஆளும், பைக்கும், வீட்டுச் சாமானும் ஒரே நாளில் ஒரே வண்டியில் போக வேண்டும் என்று நாங்கள் பிடித்து வைத்திருந்த பிடிவாதத்தை உடைத்தது அந்தச் சொல்தான். செலவு குறைந்ததும் அதற்குப் பிறகுதான்.

ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் மகன் கோவையிலிருந்து புனே வழியாகப் போகும் குர்லா எக்ஸ்பிரஸில் ஏறினான். படுக்கை வசதிப் பெட்டியில் ஒருவருக்கு 40 கிலோ வரை இலவசம். அதற்கு மேல் கட்டணம் செலுத்தி 80 கிலோ வரை கொண்டுபோகலாம் என்பதை நம்மில் பலர் பயன்படுத்திக்கொள்வதில்லை. துணிமணி, பாத்திரம், இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு மாதத்துக்கு வேண்டிய மளிகை எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன.

பைக்கும் அதே ரயிலில்தான் போயிற்று. ரயிலில் பைக் அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. பயணச்சீட்டைக் காட்டி 'லக்கேஜ்' என்று பதிவு செய்தால் நாம் போகும் வண்டியின் பிரேக் வேனிலேயே, அதாவது ரயிலோடு இணைந்த சரக்குப் பெட்டியிலேயே, ஏற்றுவார்கள். 'பார்சல்' என்று பதிவு செய்தால் நாம் போக வேண்டியதில்லை, ஆனால் இடம் கிடைக்கும் வண்டியில் அது தனியாக வந்து சேரும். ஆர்.சி. புத்தகம், காப்பீடு, அடையாள அட்டை ஆகியவற்றின் நகல் வேண்டும். டாங்கியில் பெட்ரோல் சொட்டுக்கூட இருக்கக் கூடாது. கோவை நிலையத்தில் ஒரு பெரியவர் கண்ணாடிகளைக் கழற்றச் சொல்லிவிட்டு, ஹேண்டில் பாருக்கும் டாங்கிக்கும் வைக்கோல் வைத்து, மேலே சாக்கைப் போர்த்திக் கோணூசியால் சணல் கொண்டு தைத்ததை அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, சாக்கின் மேல் இரண்டு இடங்களில் ஊர்ப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார். ஒரு பக்கம் எழுதினால் போதாதா என்று கேட்டேன். வண்டியை எந்தப் பக்கம் சாய்த்து வைப்பார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும் என்றார். முடிந்தவரை ரயில் புறப்படும் நிலையத்திலேயே ஏற்றுவது நல்லது. இடைப்பட்ட நிலையங்களில் சில நிமிடங்களே நிற்கும் என்பதால், பிரேக் வேன் நிறைந்திருந்தால் நம் பைக் நடைமேடையிலேயே நின்றுபோகும். போய்ச் சேர்ந்த பின் எடுக்கத் தாமதித்தால் அதற்கும் கட்டணம் உண்டு.

பைக்கை மகாராஷ்டிரத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டப்படி அந்த மாநிலப் பதிவு எண் வாங்க வேண்டியிருக்கும். அதற்கு நம் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. புது வண்டி வாங்கப் போகிறவர்கள், தங்கள் நிறுவனத்துக்கு நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் இருந்தால், மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத, 2021-இல் வந்த 'பி.எச்.' வரிசை எண்ணைக் கேட்டு வாங்கிவிடலாம்.

இனிமேல்தான் லாரிக் கதை. பீளமேட்டு வீட்டைக் காலி செய்து சாமானை ஒரு குட்டி யானையில் சங்ககிரிக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டோம். ஆவணி பிறந்ததும் நான் வேலை பார்த்த பழைய லாரி ஷெட்டுக்கு, அதாவது அந்த புக்கிங் ஆபீஸுக்கு, போய்ச் சொல்லி வைத்தேன். இங்கே ஒரு தொழில் சூட்சுமத்தை வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். வெளியூருக்கு லோடு அனுப்ப வேண்டுமென்றால் நம்மவர்கள் உடனே உள்ளூர் லாரிக்காரரைத்தான் தேடுவார்கள். உள்ளூர் வண்டிக்கு அது 'போகிற' லோடு; திரும்பி வரும்போது லோடு கிடைக்குமோ கிடைக்காதோ என்ற கணக்கையும் சேர்த்துத்தான் அவர் வாடகை சொல்வார், அதில் தப்பும் இல்லை. நாசிக் பக்கமிருந்து பெரிய வெங்காயம் ஏற்றி வந்து ஈரோட்டிலோ கோவையிலோ இறக்கிவிட்டு நிற்கும் மகாராஷ்டிரத்து எம்.எச். நம்பர் வண்டிக்கோ இது 'திரும்புகிற' லோடு. காலியாகப் போனாலும் டீசலும் டோல்கேட்டும் அவருக்குச் செலவுதான் என்பதால், கிடைத்த வாடகைக்கு ஏற்றிக்கொண்டு போவார். ஆகவே சாமான் எந்த ஊருக்குப் போக வேண்டுமோ அந்த ஊர் நம்பர் பிளேட் உள்ள வண்டியைத் தேட வேண்டும். இது புக்கிங் ஆபீஸில் டீ வாங்கிக் கொடுக்கும் பையனுக்குக்கூடத் தெரியும். குடிபோகிற குடும்பங்களுக்குத்தான் தெரிவதில்லை.

ஒன்பதாம் நாள் அப்படி ஒரு வண்டி அமைந்தது. திருச்செங்கோட்டிலிருந்து ஜவுளி பேல்கள் முக்கால் வண்டிக்கு ஏறியிருந்தன. பின்பக்கம் கால் பங்கு இடம் காலி. வெங்காயச் சருகை ஓட்டுநரே கூட்டித் தள்ளிவிட்டுத் தார்ப்பாயை உதறினார். சீராக வந்த பீரோவைப் பேல்களை ஒட்டி நிறுத்தி, கழற்றிய கட்டில் பலகைகளை அதன் மேல் சாய்த்து, மெத்தையை இடையில் கொடுத்தோம். கிரைண்டர் கல்லைத் தனியே எடுத்துப் பழைய பவானி ஜமக்காளம் ஒன்றில் சுற்றி, உருளாமல் மூலையில் வைத்தேன். கல்லை உள்ளேயே விட்டு அனுப்பினால் ஊர் போய்ச் சேர்வதற்குள் அது டிரம்மை இடித்துக் கெடுத்துவிடும். பாதி லோடு அனுப்புகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகையல்ல; நம் சாமானுக்கு முன்னால் வழியில் வேறு யாருடையது இறங்கும் என்பதே. கடைசியில் ஏற்றியதுதான் முதலில் இறங்கும் என்பதால், நடுவழியில் வேறு லோடு இறக்க வேண்டியிருந்தால் நம் பீரோவை ரோட்டோரத்தில் இறக்கி மறுபடி ஏற்றுவார்கள். அடிபடுவது பெரும்பாலும் அப்போதுதான். பெரிய லாரி வீட்டு வாசலுக்கு வராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புனேயை அடுத்த நிக்டியில் உள்ள லாரி நிறுத்தத்தில் இறக்கி, அங்கிருந்து மகன் ஒரு டெம்போ பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனான்.

கணக்கையும் மறைக்காமல் எழுதுகிறேன். லாரி வாடகை ரூ.12,000, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி ரூ.2,500; நிக்டி டெம்போ ரூ.2,000, பீளமேட்டிலிருந்து வந்த குட்டி யானை ரூ.4,500, ஆக ரூ.21,000. பறிபோன முன்பணம் ரூ.9,000-ஐச் சேர்த்தாலும் முதலில் பேசிய தொகையில் ரூ.8,000 மிச்சம். ரயில் செலவும், ஒரு மாதம் மகன் விடுதியில் தங்கிய செலவும் தனி என்பதால் மொத்தத்தில் பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த லாரி ஏற்பாட்டில் நாள் தள்ளிப் போனாலும் யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. வேலை உத்தரவில் உள்ள தேதி மாறுவது இப்போதெல்லாம் சாதாரணமாகிவிட்ட நிலையில், வாடகை ஆயிரம் ரூபாய் கூடுதலானாலும் தேதியை நகர்த்த இடம் கொடுக்கிற ஏற்பாட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. தனியாளாகப் போகிறவர்களுக்கு இந்த லாரிப் பேச்சே வேண்டியதில்லை. பழைய கட்டிலையும் மெத்தையையும் வந்த விலைக்கு விற்றுவிட்டு ரயிலேறிவிடலாம்.

காகித விஷயத்தில் இரண்டு பயங்கள் மக்களிடம் இருக்கின்றன. ஒன்று, சரக்கு ஏற்றிப் போக எடுக்கும் மின்னணுச் சீட்டான இ-வே பில். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு ஜி.எஸ்.டி. விதிகளின்படி அது தேவையில்லை. இருந்தாலும் சாமான் பட்டியலை எழுதிக் கையெழுத்திட்டு, வேலை உத்தரவின் நகலோடு ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினால் வழியில் கேள்வி வராது. மற்றொன்று, உடைந்தால் யார் பொறுப்பு என்பது. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் கீழ் 2011-இல் வந்த விதிகளும் போக்குவரத்து நிறுவனத்தின் பொறுப்பைப் பொதுவாக வாடகையின் பத்து மடங்குக்குள், அதுவும் நாம் எழுதிக் கொடுத்த மதிப்புக்கு மேற்படாமல், வரையறுக்கின்றன. ரூ.60,000 மதிப்புள்ள சாமானுக்கு, விசாரணை வரும் என்று பயந்து ரூ.5,000 என்று எழுதிக் கொடுக்கிறவர்களை நான் ஷெட்டில் தினமும் பார்த்திருக்கிறேன். உடைந்தால் ஐயாயிரத்துக்கு மேல் கேட்க அவர்களுக்கு வாயில்லை. சேதத்தை வாயால் சொன்னால் போதாது. புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். கேஸ் சிலிண்டரை லாரியிலோ ரயிலிலோ ஏற்றவே கூடாது. இங்கே ஏஜென்சியில் ஒப்படைத்து மாற்றுச் சீட்டு வாங்கிக்கொண்டால் போகிற ஊரில் புது இணைப்பு கிடைத்துவிடும்.

லாரி கட்டுவதிலும் ஓட்டுவதிலும் பேர் பெற்ற நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பகுதியில் இருந்துகொண்டே, நம் பிள்ளைகளின் சாமானுக்கு எங்கோ இருக்கிற இடைத்தரகரின் கைப்பேசிச் செயலியை நம்ப வேண்டியிருக்கிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. கால் வண்டி, அரை வண்டி காலி இடத்தோடு திரும்பும் லாரிகள் ஒரு பக்கம். பத்துப் பதினைந்து நாள் பொறுத்திருக்கத் தயாரான குடும்பங்கள் மறு பக்கம். இடையில் வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம் மட்டுமே. போக வேண்டிய ஊர், சாமான் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிக்குள் என்ற விவரங்களை ஒவ்வொரு புக்கிங் ஆபீஸிலும் எழுதி வைத்து, வண்டி அமையும்போது தகவல் சொல்லும் ஏற்பாட்டை லாரி உரிமையாளர் சங்கங்கள் செய்ய வேண்டும். மதிப்பு எழுதிய ரசீதும் கட்டாயம் தர வேண்டும். வீட்டுச் சாமான் என்றால் தொல்லை, உடைந்தால் பேச்சு வாங்க வேண்டும் என்று ஷெட்காரர்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும்; நானும் அப்படிச் சுளித்தவன்தான். ரயில்வே நிர்வாகமும் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் நிலையங்களின் பார்சல் அலுவலகங்களில் லக்கேஜ், பார்சல் கட்டணங்களையும் விதிகளையும், வாசலில் நின்றே படிக்கும்படி பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

நான் வேலை பார்த்த ஷெட்டில் முதலாளியின் சம்மதத்தோடு அப்படி ஒரு நோட்டைப் போட்டு வைத்திருக்கிறேன். இதுவரை மூன்று குடும்பங்கள் பெயர் கொடுத்திருக்கின்றன. ஒன்று ஹைதராபாத்துக்கு, இரண்டு புனேக்கு. புனேக்காரர்கள் இருவருடைய சாமானையும் ஒரே வண்டியில் ஏற்றிவிடலாமா என்று அவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாரி புக்கிங் எழுத்தர்,
சங்ககிரி.